பெண்ணுக்குப் பெண்

எருமைக்குள் முழங்கை வரை கை விட்டிருந்தபோது நவ்தீப்பின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியாது. இடது கை உள்ளே கருப்பையின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கையில் சினை ஊசிக் குழாய். எருமைக்காரர் வாலை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டாக்டரே, இது கிடேரி ஊசிதானே? போன தடவை வந்தவன் போட்டதுல கடா விழுந்துச்சு. தெருவுல ஓட்டி விட்டுட்டேன். வேற என்ன பண்றது?"

"கிடேரிதான். நூத்துக்குத் தொண்ணூறு."

"மிச்சப் பத்து என் தலையில விழாம பாத்துக்கப்பா."

நவ்தீப் டாக்டர் இல்லை. பி.எஸ்சி. முடித்தவன். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஹிசாரைச் சுற்றிப் பதினோரு கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் ஊசிகளைக் குளிரில் வைக்கும் உருளையைக் கட்டிக்கொண்டு போய்வருகிறான். பெண் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த ஊசி வந்தபின் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. அது வந்த புதிதில், கிடேரிக்காக ஜனங்கள் வரிசையில் நிற்பதை வீட்டில் வேடிக்கையாகச் சொன்னான். மனைவி ரித்து சிரிக்கவில்லை. தவாவில் இருந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்தான். அம்மா.

"பதினோரு மணிக்கு வந்துடுவாங்க. குளிச்சிட்டு வந்து உக்காரு. அந்த நாத்தத்தோட வராதே."

சரி என்றான். இப்போதெல்லாம் அவன் அதிகம் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான்.

அண்ணன் ஜக்பீருக்கு முப்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அந்தத் தெருவில் மட்டும் அப்படி ஒன்பது பேர். பொழுது சாய்ந்தால் பஞ்சாயத்துக் கட்டடத்துத் திண்டில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். "ஓட்டுக் கேக்க வர்றவன் தங்கச்சியையும் கூட்டிட்டு வரட்டும், யோசிப்போம்" என்பான் ஒருவன். மற்றவர்கள் சிரிப்பார்கள். சிலர் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் பெண்ணை விலைக்கு வாங்கி வந்தார்கள். ஜக்பீர் அதற்கு ஒப்பவில்லை. சந்தையில் பிடித்துவந்த மாதிரி எனக்கு ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஏழு வருஷத்துக்கு முன் ரித்துவின் அப்பா இந்த வீட்டுக்கு வந்தது ஜக்பீரைப் பார்க்கத்தான். பேச்சு வாக்கில் தம்பி பட்டம் படித்தவன் என்று தெரிந்தது. அண்ணன் இருக்கத் தம்பிக்கு முடிந்தது. கல்யாணத்தன்று ஸ்வீட் பெட்டிகளைத் தோளில் சுமந்து பந்தியில் கொடுத்தது ஜக்பீர். ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

பத்து நாட்களுக்கு முன் அத்தையின் கணவர் ராம்மெஹர் மாமா வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து விஷயத்தை உடைத்தார்.

"தர்யாவ் சிங் பொண்ணு தர்றேங்கறாரு. இருபத்தாறு வயசு. ஒரு காலை லேசாத் தாங்கி நடக்கும், அவ்வளவுதான். ஆனா பெண்ணுக்குப் பெண் கேக்குறாரு. பேரனுக்கு. பத்து வயசுப் பையன்."

"நம்ம வீட்ல ஏது மாமா பொண்ணு?" என்று கேட்டான் நவ்தீப்.

முற்றத்து அடிபம்பின் கீழே அவனுடைய நான்கு வயது மகள் பத்தேரி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தலை தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். போதும் என்று பொருள்படும் அந்தப் பெயரை, இவளுக்குப் பின் இன்னொரு பெண் வரக் கூடாதென்று அவன் அம்மா வைத்தாள். எல்லாருடைய பார்வையும் அங்கே போவதைக் கண்ட பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"இப்பவே தூக்கிட்டா போகப் போறாங்க" என்றாள் அம்மா. பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். "பதினெட்டு முடியட்டும். இப்போ வாக்குதான். உன் அண்ணன் எத்தனை நாளைக்குத் தானே தட்டைக் கழுவிக்குவான்?" இரண்டு மூன்று காய்களை உரித்துவிட்டு, கை நிற்காமலே சொன்னாள்: "அந்த ரெண்டும் இருந்திருந்தா இன்னைக்கு மூணு பொண்ணு. ஒண்ணக் குடுத்து இவனுக்குக் கட்டியிருக்கலாம். ஒண்ணக் குடுத்து உனக்கும் ஒருத்தியக் கொண்டுவந்திருக்கலாம். ஒண்ணு மிச்சம் இருந்திருக்கும்."

ஆலங்கட்டி மழையில் போன கோதுமையைப் பற்றிப் பேசுகிற குரல். சொன்னது என்னவென்று அவளுக்குத் தெரிகிறதா என்று நவ்தீப் அவள் முகத்தைப் பார்த்தான். தெரியவில்லை. ஒரு பட்டாணி உருண்டு அவன் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்துத் தட்டில் போட்டான்.

பத்தேரிக்குப் பிறகு ரித்து உண்டானபோது, முதல் தடவை ஜீப்பில் மாநில எல்லை தாண்டிப் போனார்கள். மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு வீடு. டிபன் பாக்ஸ் அளவில் ஒரு மெஷின். ரித்துவின் வயிற்றில் தடவிய பசையைத் துடைத்தபடி அங்கிருந்தவள், "ஜிலேபி வாங்கிட்டுப் போங்க" என்றாள். லட்டு என்றால் பையன். திரும்பும் வழியில் ரித்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். அம்மாவிடம் கேட்போம் என்றான். இரண்டாம் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. அப்போது ஐந்தாம் மாதம். மாத்திரை. தண்ணீர் தம்ளரை நீட்டியது அவன். மறுநாள் மத்தியானம் மெத்தை நனைந்து கட்டில் கயிறும் நனைந்தது. வண்டி எதுவும் கிடைக்கவில்லை. ஜக்பீர் டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டினான். மெத்தையோடு தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டிகளை எண்ணினான், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். ஐம்பத்தெட்டு. கேட் திறந்தபோது அவன் மடியிலிருந்த அவள் கை கனத்திருந்தது. ஊரில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். எந்த எருமைக்குள்ளும் என்ன இருக்கிறதென்று கையாலேயே சொல்லிவிடுகிறவன், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரை உட்கார்ந்து வந்தான்.

பதினான்கு மாதம் ஆகிறது. பத்தேரிக்குத் தலை பின்னுவது ஜக்பீர்தான். ஒரு பின்னல் மேலே, ஒன்று கீழே. அங்கன்வாடிக்கு டிராக்டரில் ஏற்றிப் போவான். பெரியப்பா ஊட்டினால்தான் சாப்பாடு இறங்கும் அவளுக்கு.

அம்மா சொன்னபடி வீடு திரும்பிக் குளிக்கப் போன நவ்தீப் அடிபம்பில் ஜக்பீரைப் பார்த்தான். அண்ணன் தலைக்குச் சாயம் போட்டிருந்தான். காதோரம் ஒரு கறுப்புக் கறை இறங்கியிருந்தது. அதைச் சோப்பு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தம்பியைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"நீ வேணாம்னு சொல்லிடு" என்றான் தாழ்ந்த குரலில். "நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நீயே சொல்லேன்."

ஜக்பீர் சோப்பைக் கீழே வைத்தான். "என்னால முடியலடா. பத்து நாளா வாய் வரைக்கும் வருது. வரமாட்டேங்குது." பிறகு தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டான். நெடுநேரம் அடித்துக்கொண்டான்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். ஒரு காரில் ஐந்து பேர். முற்றத்தில் கட்டில்கள், பித்தளைத் தம்ளர்களில் மோர், நெய் மிதக்கும் சூர்மா இனிப்பு. தர்யாவ் சிங் வெள்ளைத் தலைப்பாகையோடு, நல்ல மனிதராகத்தான் இருந்தார். ரித்துவைப் பற்றிக் கேட்டு உச்சுக்கொட்டினார். உடன் வந்த ஒருவர் நவ்தீப்பைக் காட்டி, "இவன்தானே கிடேரி ஊசிக்காரன்? முப்பது வருஷம் முன்னாடி வந்து நம்ம வீடுகளுக்கும் போட்டிருந்தான்னா, இன்னைக்கு நாம ஊர் ஊரா அலைவமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜக்பீரும் சிரித்தான். முக்காட்டுக்குள் அம்மாவின் தோள் குலுங்கியது.

பத்தேரியைக் கூப்பிட்டார்கள். சிவப்புக் கவுன் போட்டு, கண்ணில் மை தீட்டியிருந்தது. முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார்கள். அவள் ஓடினாள். "கால் நேரா இருக்கு" என்றார் ஒருவர். பல் பார்த்தார்கள். விளையாட்டென்று எண்ணி வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டினாள். பிறகு போய் ஜக்பீரின் மடியில் ஏறிக்கொண்டாள்.

தர்யாவ் சிங் நவ்தீப் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச பையன். பின்னாடி பேச்சு வரக் கூடாது. உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு தம்பி."

நவ்தீப் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் குழந்தையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்ற சொல் மார்பில் எங்கோ இருந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

"அவன் பேசியே வருஷமாச்சு" என்றார் ராம்மெஹர் மாமா. "வேணாம்னா வந்து உக்காருவானா? சம்மதம்தான், நீங்க ஆரம்பிங்க."

தர்யாவ் சிங் மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தார். கை நிறைய ஒரு வெல்ல உருண்டை. இந்தப் பக்கத்தில் காகிதம் கையெழுத்து எதுவும் கிடையாது. மாப்பிள்ளை வீட்டு வெல்லத்தைப் பெண் தின்று விழுங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு எந்தப் பஞ்சாயத்தும் அதை மாற்றாது. அவர் ஓரத்தை உடைத்து, ஊதித் தூசி போக்கி, பத்தேரியின் உதட்டருகே நீட்டினார். அவள் பெரியப்பாவை அண்ணாந்து பார்த்தாள். அவன் தலையை அசைக்கவுமில்லை, அசைக்காமலும் இல்லை. அவள் வாயைத் திறந்தாள்.

நவ்தீப் எழுந்தது அவனுக்கே தெரியவில்லை. மோர்த் தம்ளர் ஒன்று காலில் பட்டு உருண்டது. குனிந்து குழந்தையின் கன்னத்தைப் பிடித்து வாய்க்குள் விரலை விட்டான். வெல்லம் கடைவாயில் ஒதுங்கியிருந்தது. வழவழவென்று நழுவியது.

"துப்பு" என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "பத்தேரி, துப்பிடு."

"நவ்தீப்" என்றாள் அம்மா.

குழந்தை பிடுங்கப் போகிறார்கள் என்று நினைத்துப் பல்லைக் கடித்தாள். விரல் உள்ளே மாட்டிக்கொண்டது. வலித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு ஒன்று வலித்தது. அவன் விரலை எடுக்கவில்லை. வெல்லம் அவன் நகத்தடியில் கரைந்துகொண்டே இருந்தது. தர்யாவ் சிங்கின் கை துணி முடிச்சோடு அந்தரத்தில் நின்றது. குழந்தையின் கடைவாயிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்கி மோவாயை நோக்கி வந்தது. அதன் கீழே, எப்போது வந்ததென்று தெரியாமல், ஜக்பீரின் உள்ளங்கை குழிந்து நின்றிருந்தது. வாயை மூடிப் பிடிக்கவா, துப்பினால் ஏந்திக்கொள்ளவா என்று நவ்தீப்புக்குத் தெரியவில்லை.