வாசலோடு நின்ற செய்தி

கல்முனைக்குடியில் தோணி இறக்குமுன் காற்று மழை பற்றி மீனவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "ஹிமாயா என்ன செல்றா?" அதைக் கேட்கும்போதெல்லாம் அப்னாவுக்கு வயிறு எரியும்.

இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். படிப்பில் அப்னாதான் முந்தி. வானத்தில் சுற்றும் செய்மதி எடுக்கும் படங்களைப் பார்த்துக் காற்று மழை அறிவிக்க மீனவர் சங்கம் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பியபோது இருவருமே விண்ணப்பித்தார்கள். தெரிவானவள் ஹிமாயா. இப்போது அவள் ஒரு சொல் சொன்னால் நாற்பது தோணி கரையில் நிற்கும். அப்னாவின் கணவன் றமீஸ்கூட, மனைவி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கெட்டிக்காரிதான் அவள்" என்பான்.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பின்னேரம், றமீஸை அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் ஹிமாயா வாசலில் வந்து நின்றாள்.

"மத்த ஆக்களுக்கெல்லாம் செல்லிட்டன், றமீஸ் காக்காட போன்தான் வேலை செய்யுதில்ல. தென்கிழக்கால பெரிய காத்துச் சுழி ஒண்டு இறுகி வருதுகா, படத்துல தெரியிது. நாளைக்குக் கடலுக்குப் போக வேணாமெண்டு செல்லிடு."

"ஓம், செல்றன்."

அப்னா மறக்கவில்லை, சொல்லவுமில்லை. கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடந்தது. இந்த ஒரு தடவையாவது இவள் வாக்குப் பொய்க்கட்டும், றமீஸ் பெட்டி நிறைய மீனோடு வரட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று அவள் மனம் கறுவியது.

விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு, கரைக்கு யாரும் வருமுன் தனியாகப் புறப்பட்ட றமீஸ் கேட்டான்: "ஹிமாயா ஒண்டும் செல்லல்லயா?"

"இல்ல."

பத்து மணிக்குள் காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கியது. முக்காடு நழுவியதும் தெரியாமல் அப்னா ஹிமாயா வீட்டுக்கு ஓடினாள்.

"நான் செல்லல்லகா. அவர் போயிட்டார். உன்னில உள்ள எரிச்சல்ல..."

ஹிமாயா அவளை உள்ளே இழுத்துக் கணினியைத் திறந்தாள்.

"எந்தப் பக்கம் போனார்? அதச் செல்லு."

காற்றின் திசையைத் திரையில் பார்த்து, தோணி தெற்கே திருக்கோவில் பக்கமாக அடிபட்டுப் போகும் என்று மீட்புப் படகுக்காரருக்குச் சொன்னாள். பின்னேரம் அங்கேதான், கவிழ்ந்த தோணியின் முதுகிலிருந்து றமீஸைத் தூக்கினார்கள். கை முறிந்திருந்தது. எஞ்சினும் வலையும் கடலோடு போயின.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் முனகினான்: "ஹிமாயாட செய்மதிக்கு இது தெரியாமப் போச்சே."

பார்க்க வந்த வெளியூர் உறவினர்கள் தலையாட்டினார்கள். கட்டிலோரம் நின்ற ஹிமாயா கொண்டுவந்த பழப் பையை மேசையில் வைத்தாள். அப்னா கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். இப்போது அது முள்ளாகக் குத்தியது.

"செய்மதி பிழைக்கல்ல," என்றாள், எல்லோருக்கும் கேட்க. "இவ நேரத்தோட வந்து செல்லிட்டா. நான்தான் பொறாமையில மறைச்சன். வானத்துல எத்தின கண் இருந்தும் என்ன? அது கண்டத ஒராளுக்கொராள் செல்லாட்டி, உசிரு போறது நம்மட வாசல்லதான்."