மடுவுக்குப் போன வீடு

சண்டை நின்று வன்னிப் பாதை திறந்ததற்கு அடுத்த ஆண்டு, மடுத் திருவிழாவுக்கு முந்தின நாள் காலை, கரம்பொன்னில் எமிலியானுஸின் வாசலில் ஒரு மினிபஸ் நின்றது. ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் நாளாந்தம் ஓடுகிற தம்பையாவின் பஸ்தான். ஆனால் உள்ளே இருக்கைகள் இல்லை. அவற்றைக் கழற்றிய இடத்தில் ஒரு கட்டில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் காஸ் அடுப்பு வைத்த ஒரு பலகைக் குசினியும் யன்னல்களுக்குப் பூப்போட்ட திரையும் இருந்தன. அயலிலுள்ள சிறுவர்கள் கோயிலுக்குப் போகிற வழியில் அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இவ்வளவும் எமிலியானுஸின் மனைவி மாக்கிறேற்றுக்காக. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் விழுந்து அவளுடைய முதுகு பழுதாகிவிட்டது. படுத்திருக்கலாம், மெல்ல நடக்கலாம். உட்கார்ந்தால் மட்டும் வலி உயிரைக் கொண்டுபோகும். அந்த நாட்களில் மகள் ஜெனீற்றா காய்ச்சலில் மயங்கிக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து உன் முன்னால் நிற்பேன் என்று மடுமாதாவிடம் நேர்ந்திருந்தாள். ஜெனீற்றா பிழைத்து, வளர்ந்து, இப்போது பாலர் பள்ளியில் படிப்பிக்கிறாள். நேர்த்தி அப்படியே கிடந்தது. போன வருடம் பஸ்ஸில் போகப் பார்த்துப் யாழ்ப்பாண வாசலிலுள்ள பண்ணைப் பாலத்தோடு அழுதுகொண்டு திரும்பி வந்தவள் மாக்கிறேற். இந்த முறை ஜேர்மனியில் இருந்து லீவில் வந்த அவளுடைய தம்பி டிலோன்தான் வழி கண்டுபிடித்தான். அவனுடைய லீவும் முடியப்போகிறது, தம்பையாவும் திருவிழா முடிந்ததும் இருக்கைகளைத் திரும்பப் பூட்டவேண்டும். இந்தப் பயணம் தவறினால் இன்னொன்று வருமென்று சொல்ல முடியாது.

"அங்கை சனம் லீவுக்கு வீட்டையே வாகனத்திலை கொண்டு திரியுதுகள் அத்தான்," என்று டிலோன் ஒரு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "ஆனா முதல்முதல் போறவை எல்லாத்தின்ரை பேரையும் பாடமாக்கவேணும். குடிக்கிற தண்ணிக்கு ஒரு தாங்கி. கழுவின தண்ணிக்கு வேறை தாங்கி, அதுக்குச் சாம்பல் தண்ணி எண்டு பேர். கக்கூசுத் தண்ணி கறுத்தத் தண்ணி."

"தண்ணிக்கும் நிறம் பாக்கிறாங்களோ?" எமிலியானுஸ் சிரித்தார். "எங்களுக்கு ரெண்டு பேர்தான்ரா. நல்ல தண்ணி, உவர்த் தண்ணி."

"இது மட்டக்கட்டை. நிக்கிற இடம் சரிவெண்டால் சில்லுக்குக் கீழை குடுக்கிறது. இல்லாட்டி அக்கா தலைகீழாக் கிடப்பா."

"மாமா, திருப்பிக் கேக்கிறன், சொல்லுங்கோ!" ஜெனீற்றா எல்லோரையும் பள்ளிப் பிள்ளைகளாக்கிவிட்டாள். வாகனம் வெளிக்கிட முன்னர் ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்லவேண்டிய சொற்களை டிலோன் பழக்கியிருந்தான். அவள் அதைக் கோயில் மன்றாட்டுப்போல இழுத்துச் சொன்னாள்.

"காஸ்?"

"மூடியாச்சு!"

"கோப்பை, பீங்கான்?"

"கட்டியாச்சு!"

"யன்னல்?"

"கொழுவியாச்சு!"

"படி?"

"தூக்கியாச்சு!"

கட்டிலில் படுத்தபடி மாக்கிறேற்தான் எல்லோரிலும் உரத்துச் சொன்னாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. தம்பையா முன் கண்ணாடிக்கு மேலே நயினாதீவு அம்மாளின் படத்தோடு மடுமாதாவின் படத்தையும் ஒட்டி, இரண்டுக்கும் ஒரே மாலையைப் போட்டார்.

"ரெண்டு பேரும் பக்கத்திலை இருந்து பாதையைப் பாக்கட்டும்," என்றவர் பஸ்ஸை எடுத்தார்.

வேலணை வரையும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மேடுபள்ளத்தில் அவர் மெல்ல ஓட்டினார். பாலத்து வீதியில் ஏறி, இரண்டு பக்கமும் கடல் விரிந்து காற்று அடிக்கத் தொடங்கியதும் பஸ்ஸின் முகம் ஒருமுறை இடப்பக்கம் போனது. தம்பையா அதைத் திருப்பினார். அது வலப்பக்கம் போனது. குசினியில் கட்டியிருந்த சட்டிகள் கிலுகிலுத்தன.

"என்னண்ணை, தண்ணி போட்டிட்டோ ஓடுறியள்?" என்றான் டிலோன்.

"நான் போடேல்லை, பஸ்தான் போட்டிருக்கு. முன்சில்லு நிலத்திலை முட்டுற மாதிரித் தெரியேல்லை."

மண்டைதீவுச் சந்தியில் அவர் ஓரங்கட்டினார். மாக்கிறேற்றைத் தவிர எல்லோரும் குதித்து இறங்கினார்கள். இறங்கிய வேகத்திலேயே "ஐயோ அம்மா!" என்று துள்ளினார்கள். வெயிலில் தார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருவருடைய காலிலும் செருப்பு இல்லை.

"செருப்பெங்கை?" என்றார் தம்பையா. அவர் மட்டும் செருப்போடு நின்றார்.

வீடென்று சொல்லித்தானே ஏறினார்கள். ஏறும்போது வாசற்படியில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுத்தான் ஏறியிருந்தார்கள். ஜேர்மன்காரரின் சொற்களில் செருப்புக்கு இடமிருக்கவில்லை. செருப்புகள் நாலு சோடியும் கரம்பொன் ஒழுங்கையில் இருந்தன.

தம்பையா பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தார். பின்பக்கம் நிலத்தை முட்டுகிறாற்போல இருந்தது. கட்டிலுக்குக் கீழே பின்பக்கத்துப் பலகையை விலக்கினார். உள்ளே மூன்று பெரிய பரல்கள் விளிம்புவரை தண்ணீரோடு நின்றன.

"உது ஆற்றை வேலை?"

வள்ளம் ஓட்டிப் பழகிய எமிலியானுஸ் தலையைச் சொறிந்தார். "சாட்டிக் கிணத்திலை அள்ளின நல்ல தண்ணி. நீங்கள் தேத்தண்ணிக்குப் போன நேரம் ஏத்தினனாங்கள். முன் அணியம் கொஞ்சம் தூக்கி நிண்டாத்தானே நல்லது. அதுதான் பாரத்தைப் பின்னுக்குப் போட்டன்."

"அணியமோ! இது வள்ளமே, மனுசா? முன்சில்லுத்தானே எனக்குச் சுக்கான். அதை ஆகாயத்துக்குத் தூக்கிப்போட்டு என்னெண்டு திருப்பிறது?" தம்பையா தலையில் கைவைத்தார். "உதை இறக்கவேணும். இல்லாட்டித் திருப்பிக்கொண்டு போறன். அக்காவைக் கடலுக்கை தள்ள என்னாலை ஏலாது."

"ஊத்தச் சொல்லுறியளோ?" எமிலியானுஸின் முகம் மாறியது. தீவில் பிறந்தவன் நல்ல தண்ணீரை நிலத்தில் ஊற்றுவதில்லை. "வன்னி வெயிலுக்கை இவளுக்குக் குளிசை போடத் தண்ணி வேண்டாமே? ஆரெண்டு தெரியாத சனத்திட்டைப் போய்க் கையேந்தச் சொல்லுறியளோ?"

"அப்ப திருப்பட்டோ?"

எமிலியானுஸ் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னால் கட்டிலில் மாக்கிறேற் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். போன வருடம் திரும்பிய அதே பாதை. யன்னல் அவளுடைய கண்மட்டத்தில் இருந்தது. திரையை விலக்கியபோது சந்தி மரத்தின் கீழே வெறுந் தண்ணீர்க் கான்களோடு சில பெண்கள் இருப்பது தெரிந்தது.

"தங்கச்சி," என்று கூப்பிட்டாள். "என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறியள்?"

மெலிந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் ஞானசவுந்தரி என்றாள். "தண்ணி பவுசர் வருமெண்டு இருக்கிறம் அக்கா. நேற்றும் வரேல்லை. கிணறெல்லாம் உப்பாப் போச்சு."

மாக்கிறேற் கணவரைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளையளைக் கூப்பிட்டுக் குடுங்கோ."

"வழிக்கு?"

"வழியிலையும் இவையைப்போல சனந்தானே இருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதலாவது பரலின் மூடியைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சந்தி திருவிழாவாகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் ஊருக்குள் சொல்ல, குடங்களும் வாளிகளும் வந்தன. தேநீர்க் கேத்தல்கூட வந்தது. டிலோன் கோலி ஊற்ற, ஜெனீற்றா, "சிந்தாதேங்கோ மாமா, இது சாம்பல் தண்ணியில்லை!" என்று கத்தினாள். சுடு தாரில் அவர்கள் மாறிமாறிக் கால் தூக்குவதைப் பார்த்து ஞானசவுந்தரிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"வெறுங்காலோடை போற நேத்தியோ அண்ணை?"

"நேத்தியில்லைத் தங்கச்சி, மறதி."

அவள் தன் செருப்பைக் கழற்றி ஜெனீற்றாவின் காலடியில் தள்ளினாள். அதைக் கண்டு மற்றவர்களும் தள்ளினார்கள். எமிலியானுஸுக்குப் பெருவிரல் வெளியே நிற்கிற ஒரு சோடி கிடைத்தது. ஜேர்மனியில் இருந்து வந்த டிலோனுக்குப் பூ வைத்த ரோஸ் நிறச் சோடி.

"கலியாணப் பொம்பிளைக்கு நல்லாத்தான் இருக்கு!" என்றாள் ஒருத்தி.

"திருப்பி வரேக்கை தாறம்," என்றான் அவன் வெட்கத்தோடு.

"எங்களுக்காகவும் ஒரு மெழுகுதிரி கொழுத்துங்கோ. அது காணும்," என்றாள் ஞானசவுந்தரி.

ஒரு பரலில் கால்வாசி மட்டும் மிச்சம் வைத்து, அதைத் தம்பையாவின் இருக்கைக்குப் பின்னால் கட்டினார்கள். பஸ் நேரே ஓடியது. முகமாலையில் வரிசையில் நின்று, இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்துச் சோதனையும் முடிந்து வன்னிக்குள் போகும்வரை ஜெனீற்றா பாடிக்கொண்டே வந்தாள். மாங்குளத்தில் நிறுத்தியபோது ஒரு கடைக்காரர் கட்டிலில் கிடந்த மாக்கிறேற்றைக் கண்டார். யாரும் கேட்காமலே குளிர்ந்த தண்ணீர் ஒரு வாளி கொண்டுவந்து படியில் வைத்தார். எமிலியானுஸ் அந்த வாளியை இரண்டு கையாலும் வாங்கினார். கடைக்காரர் நன்றிக்காகக் காத்து நிற்கவில்லை.

மடுவில் மாலை வழிபாட்டுக்கு மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். காடு முழுவதும் சனம். மரங்களுக்குக் கீழே கூடாரங்கள், எங்கும் சமையல் புகை. டிலோன் சரிவு பார்த்து மட்டக்கட்டை வைத்தான். சனம் சுற்றி வந்து, கட்டில் போட்ட பஸ்ஸை வியந்து பார்த்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் நிறைமாத வயிற்றோடு, முகம் வாடி, பஸ்ஸின் சில்லில் சாய்ந்து நின்றாள். மன்னார்ப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவளாம்.

மாக்கிறேற் ஜெனீற்றாவின் தோளைப் பிடித்து எழுந்து, படியால் மெல்ல இறங்கினாள்.

"தங்கச்சி, நீர் ஏறிக் கட்டிலிலை படும்," என்றாள்.

"ஐயோ அக்கா, உங்களுக்குத்தானே வருத்தம்."

"படும் பிள்ளை. நான் இஞ்சை நிக்க வந்தனான்."

மகளுடைய கையைப் பற்றிக்கொண்டு அவள் கோயிலை நோக்கி நடந்தாள்.