அத்தைக்குப் புரியும்படி

"அக்கா, புகை வரல."

தம்பி தொலைபேசியில் இப்படித்தான் தொடங்குவான். எப்படி இருக்கிறாய் என்பதெல்லாம் கிடையாது. அவள் அலுவலக மேசையை விட்டெழுந்து படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"மருந்துக் கப்ப நிமிர்த்திப் பிடிச்சிருக்கியா? சாஞ்சா வராது."

மறுமுனையில் மருந்தைப் புகையாக்கும் நெபுலைசர் இரைந்தது. இரைச்சலுக்குள் அப்பாவின் இருமல். "வந்துருச்சு," என்றான். போனை அவன் உடனே வைக்கவில்லை. அவள் கண்ணை மூடி அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அம்மா இறந்த வருடம் அப்பா அவளை வீட்டோடு இருக்கச் சொன்னார். அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை. தம்பி போனை நீட்டினாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். அவருக்கு மூச்சுத்திணறல் வந்து இந்த இயந்திரம் வாங்கிய பின்புதான் தம்பியே அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான். அந்த வீட்டுக்குள் அவளுக்கு மிஞ்சியிருந்த வழி அது ஒன்றுதான்.

"எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அனுப்பிடுக்கா. அடுத்த வாரத்துலேர்ந்து நான் பகல்ல வண்டி ஓட்டணும். பக்கத்து வீட்டு அத்தைதான் போட்டுவிடுவாங்க. உனக்கும் இனிமே தொந்தரவு இருக்காது."

"தொந்தரவுன்னு நான் சொன்னேனா?"

"அத்தைக்குப் புரியற மாதிரி எழுது. மெஷினோட வந்த புத்தகத்தப் படிச்சா நல்லா இருக்கறவனுக்கே மூச்சு வாங்குது. அதையும் உன்ன மாதிரி ஒருத்திதான எழுதியிருப்பா?"

அவள் தொழிலே அதுதான். மிக்ஸி, துணி துவைக்கும் இயந்திரம், தண்ணீர் சுத்திகரிக்கும் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் செய்முறைத் தாள் எழுதுபவள். ஒரு வரிக்கு ஒரு வேலை. எச்சரிக்கையை வேலைக்கு முன்னால் சொல்ல வேண்டும், கை சுட்ட பிறகு அல்ல. படிப்பவர் எந்தச் சொல்லால் அழைக்கிறாரோ அதையே எழுத வேண்டும். 'மருந்துத் தூவல்' என்று எழுதியதை அடித்து 'புகை' என்று எழுதினாள். 'முகமூடியைச் சரியாகப் பொருத்தவும்' என்பதில் தயங்கினாள். சரியாக என்றால் எப்படி? அத்தைக்கு எப்படித் தெரியும்? 'மூக்கும் வாயும் உள்ளே இருக்க வேண்டும். கன்னத்தில் இடைவெளி தெரியக் கூடாது.' பழக்கத்தில் 'நோயாளி' என்று வந்துவிட்டிருந்தது. அதை அடித்துவிட்டு 'அப்பா' என்று எழுதிய பிறகு வெகுநேரம் கை நகரவில்லை.

நல்ல தாள் என்பது படித்தவர் மறுபடி கேள்வி கேட்க வராத தாள். கப்பைச் சாய்க்கக் கூடாது என்ற ஒரே ஒரு வரியை விட்டுவிட்டால் போதும். தினமும் புகை நிற்கும். தினமும் போன் அடிக்கும். அப்படி நினைத்த தன்னை நினைத்து அவளுக்குக் கூசியது. அந்த வரியை எழுதி அடிக்கோடிட்டாள்.

மறுநாள் மதியம் தம்பி வீடியோவில் கூப்பிட்டான். போனை அலமாரியில் சாய்த்து வைத்திருந்தான். கட்டிலில் அப்பா பக்கவாட்டில் படுத்திருந்தார். கழுத்து இவ்வளவு மெலிந்திருக்கிறதா?

"அத்தை வந்திருக்காங்க. தாளப் பாத்து அவங்களே போடட்டும். நீ நடுவுல பேசிடாத. பேசினா தாளு தேறுச்சா இல்லையான்னு தெரியாது."

அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள். "அப்பாவை நிமிர்ந்து உக்கார வைங்க." பிறகு கட்டிலைப் பார்த்து, "அண்ணே, உங்க பொண்ணு நிமிர்ந்து உக்காரச் சொல்லுது," என்றாள்.

அப்பா அசையவில்லை. தம்பி அவரைத் தொடப் போனான். அவர் அவன் கையை விலக்கிவிட்டு, தானே விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தார்.

"முகமூடியக் கிட்ட கொண்டுபோறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போங்க. திடீர்னு போனா அவருக்குப் பிடிக்காது." அத்தை தாளிலிருந்து தலை தூக்கினாள். "அட, இதக்கூடவா எழுதும் இந்தப் பொண்ணு?"

கப் நிமிர்ந்து இருந்தது. புகை வந்தது. அத்தை அடுத்தடுத்த வரிக்கு விரலை நகர்த்தினாள், எங்கேயும் நிற்காமல். "மெதுவா இழுத்து விடச் சொல்லுங்க" என்று வந்தபோது அப்பாவின் மார்பு மெதுவாக ஏறி இறங்கியது. அவளுடைய மூச்சும் அதோடு ஏறி இறங்கியது.

புகை மெலிந்து நின்றது. "புகை நின்னதும் சுவிச்ச அணைக்கணும், அவ்ளோதான்," என்று அத்தை கையை நீட்டினாள்.

அப்பா அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துத் தடுத்தார். முகமூடியைக் கழற்றாமலே முகத்தை மெல்ல போன் இருந்த அலமாரிப் பக்கம் திருப்பினார். வெறும் கப்போடு இயந்திரம் இரைந்துகொண்டே இருந்தது.