கோப்பையின் அடியில் மிஞ்சிய துண்டு

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. போன திங்கட்கிழமை, பத்து மணி காபிக்குக் கொஞ்சம் முன்னால், பல் பிடுங்கும் குறடுகளைக் கிருமி நீக்கும் நீராவிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே ஹில்லெவி சொன்னாள்.

“நேத்து ஸ்தூரே கேக் பண்ணினான்.”

“ஸ்தூரேயா? அவனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா?”

“அடுப்புல இல்ல, மைக்ரோவேவ்ல. காபி கப்புலயே மாவைக் கலக்கி, ஒன்றரை நிமிஷம்.”

“எத்தனை கப்பு?”

“ஒண்ணு.”

பெட்டியின் கதவைச் சாத்திவிட்டு அவள் காபி குடிக்கப் போய்விட்டாள்.

ஹில்லெவி எங்கள் பல் மருத்துவமனையில் டாக்டருக்கு உதவியாளர். நான் முன்மேஜையில் உட்கார்ந்து ஃபோன் எடுக்கிறவள். ஊர் யேவ்லே, உலகத்தின் வடக்கு மூலை. ஸ்தூரே அவளுடைய கணவன், நகராட்சியில் நிலம் அளக்கிற வேலை. பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள். சண்டை இல்லாமல், சத்தம் இல்லாமல், வசந்தத்திலேயே இருவரும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. வடக்கே சோடர்ஹாம்னில் அவனுக்கு ஓர் அறை வீடு கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை காலை சாமான் ஏற்ற வண்டி வரும். அந்த வீட்டுக்காக வாங்கிய சின்ன மைக்ரோவேவ் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேக்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுகிறேன். எழுதி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொண்டே எழுதுகிறேன். போன வருஷம் விட்டேவிட்டேன் என்றுகூட நினைத்தேன். ஆனால் அவள் சொன்ன ‘ஒண்ணு’ மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

2

முதல் தொடக்கம்:

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கே இருட்டிவிட, ஸ்தூரே சமையலறை விளக்கைப் போட்டு, ஒரு நீலக் கோப்பையை எடுத்து

(வேண்டாம். இருட்டில் தொடங்கினால் நீங்கள் உடனே சோகத்துக்குத் தயாராகிவிடுவீர்கள். இங்கே நவம்பரில் எல்லார் வீட்டிலும்தான் மூன்று மணிக்கு இருட்டுகிறது. எல்லாருமா பிரிகிறார்கள்?)

இரண்டாம் தொடக்கம்:

நாலு கரண்டி மாவு, இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு கரண்டி கோகோ, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர், உருக்கிய வெண்ணெய், பால். முட்டை சேர்த்தால் ரப்பர் ஆகிவிடும். விளிம்புக்கு மேலே பொங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு

(இது சமையல் குறிப்பு. ஆனாலும் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கேக்கைச் சூடு ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும். ஆறினால் இறுகும். மறுநாள் செருப்புத் தோல்.)

மூன்றாம் தொடக்கம்:

ஹில்லெவியும் ஸ்தூரேயும் ஒருவரையொருவர்

(இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

எங்கள் காபி மேஜையில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பார்ப்பது பல் வைத்தியம்தான், இருந்தாலும் இனிப்பு இல்லாமல் இங்கே காபி கிடையாது. தட்டில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியதும் எல்லாருடைய கையும் மடிக்குப் போய்விடும். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் வந்து அதில் பாதியை வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் பார்த்தால் பெரிய தட்டின் நடுவே நகத்தளவு ஒன்று கிடக்கும், அதையும் இரண்டாக்கப் பார்த்த கத்தித் தடத்தோடு. நான்தான் கழுவி விடுவேன். முழுதாக எடுத்து வாயில் போட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றும் சொல்ல மாட்டார்களே என்றுதான் பயம். இத்தனை வருஷத்தில் நானும் பாதி வெட்டுகிறவளாகிவிட்டேன்.

ஸ்தூரேயும் அந்த ஞாயிற்றுக்கிழமை பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை மேஜைமேல் விட்டு வைத்தானாம். காபி முடிந்து ஹில்லெவி வந்ததும் கேட்டேன்.

“தனக்குன்னு பண்ணின கேக்குல எதுக்குடி பாதி மிச்சம்?”

“பழக்கம்தான். கரண்டியால நடுவுல கோடு போட்டிருந்தான். அவ்வளவு நேரா. நிலம் அளக்கறவன் இல்லையா.”

“நீ என்ன பண்ணே?”

“அதுல பாதி நான் சாப்பிட்டேன்.”

“சாப்பிடுன்னு சொன்னானா?”

“ஒண்ணும் சொல்லல. நான் துணி மடிச்சுட்டு வர்றதுக்குள்ள மிச்சத்துல பாதியை அவன் எடுத்திருந்தான். அப்புறம் நான். கடைசியில பிளாஸ்டிக் தாளைச் சுத்தி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டான்.”

“யாரு தட்டுல?”

ஃப்ரிட்ஜை அவர்கள் ஏற்கனவே பாகம் பிரித்திருந்தார்கள். மேலே அவளுக்கு, கீழே அவனுக்கு.

ஹில்லெவி யோசித்தாள். “கதவுல. பாலுக்குப் பக்கத்துல. அது பொது.”

4

(இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். ஸ்தூரேயின் மனசுக்குள் இறங்கி, அவன் நினைத்ததாக நிறைய எழுதியிருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் அதைப் படித்தால் ஸ்தூரேயே, யார் இந்த ஆள் என்று கேட்பான்.)

5

ஸ்தூரேயை நான் ஒரே ஒரு தடவைதான் நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். உடைந்த கடைவாய்ப் பல்லோடு வந்திருந்தான். (நோயாளிகளைப் பற்றி வெளியே எழுதக் கூடாது. அதனால் பல்லை மாற்றியிருக்கிறேன்.) டாக்டர் டூர்ட் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். ஹில்லெவி எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்தாள். டூர்டுக்கு ஃபோன் என்று சொல்ல நான் உள்ளே போனேன்.

“வலிக்குதா?” என்று டூர்ட் கேட்டார்.

“பரவால்ல,” என்றான் ஸ்தூரே, திறந்த வாயோடு.

நாற்காலியைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

“இன்னொரு ஊசி போடு டூர்ட்,” என்றாள் ஹில்லெவி. “இவன் உயிர் போற வரைக்கும் பரவால்லன்னுதான் சொல்லுவான்.”

(டாக்டரைப் பெயர் சொல்லி, நீ என்று பேசுகிறாளே என்று பார்க்காதீர்கள். இங்கே எல்லாருக்கும் அதே மரியாதைதான். தமிழில் எழுதும்போது ‘டூர்ட் கேட்டார், ஸ்தூரே சொன்னான்’ என்று நான்தான் ஏற்றி இறக்குகிறேன்.)

செவ்வாய்க்கிழமை ஹில்லெவியைப் பிடித்து உட்கார வைத்து, பிரியலாம் என்று முதலில் யார் சொன்னது என்று கேட்டேன்.

“அவன்தான். இல்ல, அப்படிச் சொல்லல. ‘தனியா இருந்தா உனக்கு நல்லா இருக்கும்னு தோணுதா’ன்னு கேட்டான்.”

“நீ என்ன சொன்னே?”

“உனக்கு அப்படித் தோணினா எனக்குச் சரின்னேன்.”

“அவன்?”

“உனக்குச் சரின்னா எனக்கும் சரின்னான்.”

“அடிப்பாவி! இதுல பிரியணும்னு சொன்னது யாரு?”

“எனக்கும் அதான் புரியல கோதை,” என்றாள் ஹில்லெவி. “ஆனா வீடு கிடைச்சிடுச்சே. வண்டியும் சொல்லியாச்சே.”

(அடிப்பாவி என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை. நான் வேறு ஏதோதான் சொன்னேன். முகத்தில் இருந்தது இதுதான்.)

6

புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நானும் ஒரு கோப்பைக் கேக் செய்து பார்த்தேன். எழுதுகிறவள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சமைக்கத் தெம்பு இல்லை.

பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றுகொண்டே தின்றேன். சுரண்டித் தின்றேன். கோப்பையில் தண்ணீர் ஊற்றியபோதுதான் உறைத்தது: நான் பாதி மிச்சம் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. யாருக்கு வைப்பது?

அந்த இருவர்மேலும் எனக்குப் பொறாமையும் எரிச்சலும் ஒரே நேரத்தில் வந்தன. ஒரு கோப்பைக் கேக்கை வைத்துக்கொண்டு ஞாயிறிலிருந்து தினமும் பாதி பாதியாக ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கிறார்கள், அதே மரியாதையோடு பிரியவும் போகிறார்கள். சோடர்ஹாம்னில் ஸ்தூரேயும் இப்படித்தான் கோட்டோடு நின்று முழுக் கேக்கையும் தின்பான். அதை நினைத்தபோது அழுகை வந்தது. அழவும் அலுப்பாக இருந்தது, போய்ப் படுத்துவிட்டேன்.

7

வியாழக்கிழமை ஹில்லெவியிடம் உண்மையைச் சொன்னேன். “உங்க கதையைத்தான் எழுதிட்டிருக்கேன். வேண்டாம்னா நிறுத்திடறேன்.”

“எழுது. ஆனா எங்களைச் சேத்து வெச்சிடாதே. நீ ஒரு படம் காட்டினியே, மழையில ஓடி வந்து கட்டிப்பாங்களே, அந்த மாதிரி.”

“மூணு முடிவு வெச்சிருக்கேன். கேக்கறியா?”

கையுறையைக் கழற்றாமல் என் மேஜை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

முடிவு அ: வண்டி வந்து நிற்கிறது. ஹில்லெவி ஃப்ரிட்ஜைத் திறந்து கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொள்கிறாள். ஸ்தூரே கையிலிருந்த பெட்டியைக் கீழே வைக்கிறான்.

“வைக்க மாட்டான். ‘நல்லா இருந்துதா’ன்னு கேட்டுட்டு வண்டில ஏறிடுவான்.”

முடிவு ஆ: ஸ்தூரே தின்கிறான்.

“அவனா!” சிரித்தேவிட்டாள்.

முடிவு இ: யாரும் தின்னவில்லை. வண்டி போன பிறகு ஹில்லெவி கோப்பையைக் கழுவுகிறாள்.

அவள் சிரிப்பு நின்றது. கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

“இதான் நடக்கும்,” என்றாள். “கோதை, இதை எழுதாதே.”

“அப்ப நீயே சொல்லு. உனக்கு என்ன வேணும்?”

“அவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா…”

“அவனைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்.”

காத்திருந்த நோயாளி ஒருவர் பத்திரிகையை இறக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார்.

“அவன் போக வேண்டாம்,” என்றாள் ஹில்லெவி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“இதை அவன்கிட்ட சொல்லேன்!”

“சொன்னா இருந்துடுவான். அதான் பயம். அவனுக்கு நிஜமாவே அந்த வீடு பிடிச்சிருந்தா? எனக்காகப் பரவால்லன்னு சொல்லிட்டு இருந்துடுவான். எனக்குத் தெரியவே தெரியாது.”

கதை எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்கும் என்று அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அடித்தது, எடுத்தேன். யாருக்கோ ஈறு வீங்கியிருந்தது.

8

வெள்ளிக்கிழமை டூர்ட் ஆப்பிள் கேக் கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல ஒரு துண்டு மிஞ்சியது. வழக்கம்போல கைகள் மடிக்குப் போயின. டூர்ட் கத்தியை எடுத்தார்.

“நான் இதுல பாதி மட்டும்…”

“வெட்டாதே,” என்றேன்.

தட்டை என் பக்கம் இழுத்து, அந்தத் துண்டை முழுதாக எடுத்துத் தின்ன ஆரம்பித்தேன். எனக்குப் பசியே இல்லை. தொண்டையில் சிக்கியது. டூர்ட் ஜன்னலைப் பார்த்து, “மழை நாளைக்கு விட்டுடும்போல,” என்றார். நான் மென்றுகொண்டே இருந்தேன். ஒரு ஆப்பிள் கேக் துண்டு இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

“எனக்கு வேணும்னு இருந்துது,” என்றேன் கடைசியில். “எடுத்துக்கிட்டேன்.”

“ம்… எடுத்துக்கலாம்தான்,” என்றார் டூர்ட். “தப்பு ஒண்ணும் இல்ல.”

ஹில்லெவி கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

சாயங்காலம் கோட்டு மாட்டும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். “ஃப்ரிட்ஜுல இருக்கறது இப்ப கொண்டைக்கடலை அளவுதான். கல்லு மாதிரி ஆயிடுச்சு.”

“பல்லு உடைஞ்சா திங்கக்கிழமை டூர்ட் பாத்துப்பான்.”

“கோதை, நீ சாப்பிட்டப்ப பயமா இருந்துதா?”

“ரொம்ப.”

அவள் தலையாட்டிவிட்டுக் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்துதான் நடந்தோம், மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே.

9

இன்று ஞாயிறு. நேற்று வண்டி வந்திருக்கும்.

ஹில்லெவி கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றால் அவளே கூப்பிடுவாள், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த வரியை எழுதும்போதுதான் தெரிகிறது, நானும் அவர்களைப் போலவே பேச ஆரம்பித்துவிட்டேன்.

நாளை வரை பொறுத்தால் முடிவு தெரிந்துவிடும். பொறுக்க எனக்குத் திராணி இல்லை. தெரிந்துகொள்ளத் தைரியமும் இல்லை. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன்: அவள் அந்தக் கல்லைக் கடித்திருக்க வேண்டும். போகாதே என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அவன், வாழ்க்கையில் ஒரு தடவையாவது, பரவாயில்லை என்று சொல்லாமல் வலிக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். கட்டிப்பிடிக்க வேண்டாம். மழையும் வேண்டாம்.

எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன். மிச்சம் உங்களுடையது. சேர்ந்தார்களா, பிரிந்தார்களா, எது உங்களுக்குப் பிடிக்குமோ அது. இரண்டும் இல்லாமல் நடுவில் கோடு போட்டு

ஃபோன் அடிக்கிறது. ஹில்லெவி.

எடுக்கப் போகிறேன். நீங்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டாம். துண்டு உங்கள் முன்னால்தான் இருக்கிறது. முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டாதீர்கள்.