கடைசி வண்டியின் கதவு

டெல்ஃபின் மூன்றாவது தடவையும் கதவைத் தட்டினாள். இந்த முறை உள்ளங்கையால் அல்ல, முஷ்டியால்.

"ஃபெரி மாமா! உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். நீங்க பன்றிக்கறி வறுக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் வருது. கதவைத் திறங்க!"

கோயிலுக்குப் போட்டுக்கொண்ட மெல்லிய செருப்புக்குள் பனி புகுந்து கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. நான்கு தெரு தள்ளி, புனித ஹெட்விக் கோயிலில், அவளுடைய அப்பா போலெக் குபியாக் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டிக்கு ஆறு கைப்பிடிகள். ஐந்துக்கு ஆள் வந்தாயிற்று. ஆறாவது ஆள் இந்தக் கதவுக்குப் பின்னால் காலைச் சாப்பாடு தயார் செய்துகொண்டிருந்தார்.

சங்கிலி மாட்டியபடியே கதவு ஒரு சாண் திறந்தது. ஃபெரென்ட்ஸ் டோத். எழுபத்து நாலு வயது, வாசலை அடைக்கிற உடம்பு, கையில் தோசைத் திருப்பி மாதிரி ஒரு கரண்டி.

"யார் செத்துட்டாங்கன்னு இந்த இடி இடிக்கிறே?"

"எங்கப்பா."

ஃபெரியின் கண் ஒரு கணம் கரண்டிக்குத் தாழ்ந்தது. "தெரியும். பேப்பர்ல பார்த்தேன். போட்டோ நல்லா இல்ல."

"மாமா, உங்க பேரைச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"நேத்திக்கே உங்கண்ணன் போன்ல சொன்னான். அவனுக்குச் சொன்ன பதில்தான் உனக்கும். வர மாட்டேன்."

மில்பர்னில் ஹால்ஸ்டெட் கார் தொழிற்சாலை ஆட்களின் பெட்டியைக் கூலிக்கு யாரும் தூக்குவதில்லை. போகிறவரே தன் ஆறு பேரையும் சொல்லிவிட்டுப் போவார். ஆறு பேரும் லைனில் நின்று வண்டி கட்டியவர்களாக இருக்க வேண்டும். பெயர் சொல்லப்பட்டவன் வராவிட்டால் அவன் இடத்தில் வேறு கை படாது. அந்தக் கைப்பிடி காலியாகவே கல்லறை வரை போகும். ஊரே பார்க்கும். தொழிற்சாலையைப் பூட்டிப் பத்தொன்பது வருஷமாகியும் அந்த வழக்கத்தை மட்டும் யாராலும் பூட்ட முடியவில்லை.

"காலிக் கைப்பிடியோட எங்கப்பா தெருவுல போகணுமா?" என்றாள் டெல்ஃபின். "ஜெயிலுக்குப் போய் வந்த பெயின்ட் பிரிவு எடிக்குக்கூட ஆறு பேர் வந்தாங்க!"

"எடி யார் வேலையையும் குறை சொன்னதில்ல."

அதுதான் விஷயம். ஊருக்கே தெரிந்த விஷயம்.

ஹால்ஸ்டெட்டின் கடைசி வண்டி. வெள்ளை நிறம், நாலு கதவு. லைனின் கோடியில் கடைசிச் சோதனை மேடை. அங்கே முப்பத்தொரு வருஷம் நின்றவர் போலெக். கட்டை விரலைக் கதவு இடுக்கில் வைத்து மேலிருந்து கீழே இழுப்பார். சரியாக இருந்தால் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு கோடு. இல்லையென்றால் சிவப்பில் பெருக்கல் குறி. வெள்ளைக் கோடு விழாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை. ஹால்ஸ்டெட் குடும்பத்துக்குக் கட்டின வண்டியே ஒரு தடவை திரும்பிப் போயிருக்கிறது. அந்தக் கடைசி வண்டியின் பின்பக்க இடது கதவில் போலெக் சிவப்புக் குறி போட்டார்.

கதவை மாட்டியவர் ஃபெரி.

சாப்பாட்டு மேசையிலிருந்து அவரை எழுப்பிக் கூட்டிவந்தார்கள். அவர் பின்னாலேயே லைன் மொத்தமும் எழுந்து வந்தது. அத்தனை பேர் முன்னிலையில் ஃபெரி கதவைக் கழற்றினார், மறுபடி மாட்டினார், போலெக்கை ஹங்கேரிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கிழி கிழியென்று கிழித்தார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு அறுந்தது. அதற்கு முன் இரண்டு பேரும் ஒரே படகில் மீன் பிடித்தவர்கள். ஃபெரியின் மகளுக்கு ஞானத் தகப்பன் போலெக்.

"போம்மா. கால் நனைஞ்சிருக்கு பாரு" என்றார் ஃபெரி. "உங்கம்மாகிட்ட என் அனுதாபத்தைச் சொல்லு."

"நீங்களே வந்து சொல்லுங்க. வாய் இருக்கில்ல."

"நாக்கு உங்கப்பனுக்கு மேல இருக்கு உனக்கு."

கதவு மூட ஆரம்பித்தது. டெல்ஃபின் படியிறங்கினாள். பாதி வழியில் கோபம் பொறுக்காமல் திரும்பிக் கத்தினாள்.

"மத்த அஞ்சு பேருக்கும் எந்த இடம்னு அவரு சொல்லல, தெரியுமா? உங்களுக்கு மட்டும்தான் சொன்னாரு. மூச்சு இழுத்துக்கிட்டு இருக்கறப்போ, என் கையைப் பிடிச்சு, ரெண்டு தடவை! பின்பக்கம், இடதுன்னு! சாகறப்பவும் உங்களைக் குத்திக் காட்டணும்னு அவருக்கு என்ன தலையெழுத்தோ!"

கதவு அசையாமல் நின்றது.

"என்ன சொன்னான்?"

"பின்பக்கம், இடது."

உள்ளே வாணலி கரிகிற வாடை வந்தது. ஃபெரிக்கு அது உறைத்ததாகத் தெரியவில்லை. பிறகு கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

அவ்வளவுதான், எல்லாம் போயிற்று என்று டெல்ஃபின் கோயிலை நோக்கி ஓடினாள்.

கோயில் வாசலில் தெரு முழுக்க ஹால்ஸ்டெட்டுகள். போருக்கு முந்தின மூக்கு நீண்ட கறுப்பு வண்டி, ஒரு காலத்தில் ராணுவ ஆம்புலன்ஸாகப் போய் இப்போது காய்கறி ஏற்றுகிற வண்டி, பின்னால் இறக்கை வைத்த ஐம்பதுகளின் பச்சை வண்டி, கடைசி வருஷத்துச் சின்ன வண்டிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஹால்ஸ்டெட் சவ வண்டி, நேற்றுதான் மெழுகு போட்டது. ஹால்ஸ்டெட் சகோதரர்கள் இரண்டு பேர் குதிரை பூட்டும் பால் வண்டி செய்ய ஆரம்பித்ததிலிருந்து கடைசி நாள் வரைக்குமான கதையில், குதிரை ஒன்றுதான் குறை. துருப்பிடித்த ஒன்று இல்லை. பார்க்கும்போதே டெல்ஃபினுக்கு முதுகு தன்னால் நிமிர்ந்தது. இதில் பாதிக்கு மேல் அப்பாவின் வெள்ளைக் கோடு வாங்கிப் போனவை.

அண்ணன் ரேமண்ட் சிகாகோவிலிருந்து ஜப்பான் வண்டியில் வந்திருந்தான். அதை ரொட்டிக் கடைக்குப் பின்னால், குப்பைத் தொட்டி ஓரம் ஒளித்துவிட்டு நடந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"வரலியா?" என்று கேட்டான்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

தூக்க வந்தவர்களில் மூத்தவர் ஸ்டான், சக்கரம் மாட்டியவர். கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்கு அப்பவே தெரியும். அந்த மனுஷன் சோத்துல உப்பு ஜாஸ்தின்னா ஹோட்டலையே மாத்துறவன். பத்தொன்பது வருஷம் என்ன, இன்னும் பத்தொன்பது வருஷம் மனசுல வெச்சிருப்பான்."

"தப்பு அவரு மேலயா?" என்றது பக்கத்தில் ஒரு குரல். "கடைசி வண்டிப்பா! கடைசி! போலெக் கண்ணை மூடிக்கிட்டு ஒரு கோடு போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?"

"இப்ப மேல போயிருக்கான் பாரு. சொர்க்க வாசல் கதவுல விரலை வெச்சு இழுத்துப் பார்ப்பான். அங்க காவல் நிக்கிற பேதுரு பாடு திண்டாட்டம்தான்."

அடக்கிய சிரிப்பு ஒன்று வரிசையில் ஓடியது. டெல்ஃபினுக்கும் சிரிப்பு வந்தது. அதனாலேயே கண்ணும் நிறைந்தது.

அந்தக் கடைசி வண்டி வெளியே போன படம் மில்பர்னில் தொங்காத வீடு இல்லை. இரண்டு பக்கமும் ஆட்கள் சுவராக நிற்கிறார்கள், தொப்பிகள் கையில், நடுவே வெள்ளை வண்டி. பாதிப் பேர் வாயில் இன்னும் ரொட்டி. அந்தப் படத்தில் போலெக் மட்டும் இல்லை. குபியாக் வீட்டுச் சுவரிலும் அந்தப் படம் இல்லை. ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு அப்பா, "ஆணி சரியில்ல" என்று சொன்னார்.

பூசை முடிந்தது. பாதிரியார் புகை காட்டி நகர்ந்தார். ஐந்து பேர் ஐந்து கைப்பிடிகளைப் பிடித்தார்கள். பின்பக்கம் இடதில் பித்தளை வளையம் சும்மா தொங்கியது.

"நான் பிடிச்சுக்கறேம்மா" என்றாள் டெல்ஃபின் ரகசியமாக.

அம்மா ஸ்டெல்லா முன்வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள். திரும்பவே இல்லை. "நீ லைன்ல நின்னியா?"

"இல்ல, ஆனா..."

"அப்போ உக்காரு."

"அம்மா, ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவரு சொன்ன ஆள் வரலன்னா, வரலன்னு தெரியட்டும். பொய்க்குப் பிடிக்கிற வேலை வேண்டாம்."

ஐந்து பேர் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியது.

அப்போது பின்னால் பெரிய கதவு திறந்தது. பனிக்காற்று மெழுகுவர்த்திகளை ஒரு சாய்ப்புச் சாய்த்தது.

ஃபெரி டோத் நடு வழியில் நடந்து வந்தார். கோட் இல்லை. லைனில் போட்டிருந்த பழைய சாம்பல் நிற மேலங்கி. வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. முகத்தை அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் இரண்டு இடத்தில் ரத்தம். யாரையும் பார்க்கவில்லை.

ஃபெரி குனிந்து அந்த வளையத்தைப் பிடித்தார். பெட்டி மட்டமாயிற்று.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். கோயில் முழுவதும் எழுந்தது.

சவ வண்டி, பூட்டிக் கிடந்த தொழிற்சாலையைச் சுற்றிக்கொண்டு போனது. வாசலுக்கு எதிரே வந்ததும் முதல் வண்டி ஹாரன் அடித்தது, பிறகு அடுத்தது, பிறகு வரிசையில் அத்தனையும். கீச்சுக் குரல், கட்டைக் குரல், தொண்டை கட்டின குரல் என்று ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு தொனி. ரேமண்ட் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி அழுதான்.

"உன் வண்டி ரொட்டிக் கடைக்குப் பின்னால நிக்குது போல" என்றாள் ஸ்டெல்லா, முன்னால் பார்த்தபடி. "போறப்போ அந்தப் பக்கமாவே போயிடு."

கல்லறையில் ஆளுக்கொரு பிடி மண் போட்டு முடிந்து, எல்லோரும் மண்டபத்துச் சாப்பாட்டுக்குக் கிளம்பினார்கள். ஃபெரி மட்டும் அசையவில்லை. டெல்ஃபின் அம்மாவை அண்ணனோடு அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"குளிருதா மாமா?"

"கேட்க வந்ததைக் கேளு."

அவள் குழியைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து தொண்டையில் நின்ற கேள்வி. "அந்தக் கதவுல என்ன குறை?"

ஃபெரி திரும்பிப் பார்த்தார். ஸ்டான் தூரத்தில் வண்டிக்குச் சாவி போட்டுக்கொண்டிருந்தார். காதுக்கெட்டும் தூரத்தில் வேறு யாரும் இல்லை.

"நான் போறப்போ வண்டி இஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்றார். "ஓட்டுற இடத்துல தலைமை ஆபீஸ்காரன் ஒருத்தன். தொப்பியைக்கூடக் கழட்டல. வெளி வாசல் திறந்து கெடக்கு. சங்கு ஊதுறவனைச் சாப்பிட அனுப்பிட்டானுங்க. புரியுதா? நாங்க அத்தனை பேரும் சாப்பாட்டு அறையில உக்காந்திருக்கறப்போ, சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிடறதுன்னு ஏற்பாடு. பேப்பர்காரன் வேண்டாம், கூட்டம் வேண்டாம், அழுகை வேண்டாம். நாங்க கையைத் துடைச்சிக்கிட்டுத் திரும்பி வந்தா, லைன் காலியா இருந்திருக்கும். அம்புட்டுதான் ஹால்ஸ்டெட்."

டெல்ஃபின் இன்னும் ஓரடி நெருங்கி நின்றாள்.

"நடுவுல உங்கப்பன் ஒருத்தன் நிக்கிறான். கையில என்ன இருக்கு? சாக்கட்டி."

"மாமா..."

"இரு. நான் போய் விரலை வெச்சேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்தேன். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கல. கூரையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறான். காது மட்டும் செவந்திருக்கு. பின்னால பார்த்தா எங்காளுங்க ஒவ்வொருத்தனா வந்து ரெண்டு பக்கமும் நிக்க ஆரம்பிச்சிட்டானுங்க. சீட்டு தைக்கிற தையல் கூடத்துப் பொம்பளைங்க ஓடி வர்றாங்க. உங்கம்மா ஊசியோட வந்தா. போட்டோ எடுக்க யாரோ ஒருத்தன் வேலியேறிக் குதிச்சான். நான் கத்த ஆரம்பிச்சேன். தொண்டையில எவ்வளவு இருந்துச்சோ அவ்வளவும். கடைசி ஆள் வந்து சேர்ற வரைக்கும் கத்தினேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல? ஊரே அவரைத் திட்டுச்சே!"

"எப்படிச் சொல்றது? அவன் குறி ஒண்ணு பொய்யின்னா, அவன் கோடு போட்டு அனுப்பின வண்டி அத்தனையும் சந்தேகம்தான். அது அவன் ஒருத்தன் பேரு இல்லம்மா, எங்க எல்லார் பேரும். நாங்க மறுபடி ஒண்ணா மீன் பிடிக்கப் போயிருந்தா எவனாவது கேட்டிருப்பான். குடிச்சிட்டு நான் உளறியிருப்பேன். அதனால அவனும் பேசல, நானும் பேசல. அதைப் பத்தி நாங்க ஒரு வார்த்தை பேசி வெச்சுக்கிட்டதுகூட இல்ல. இன்னிக்கு நான் வந்தா கேப்பானுங்களேன்னுதான் வர மாட்டேன்னேன்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"கூப்பிட்டானே" என்றார் ஃபெரி. "இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டானே."

காற்று பனியைக் கிளப்பிக் குழியோரம் கொட்டியது. அவர் மேலங்கியின் எட்டாத பொத்தானை இழுத்துப் பார்த்து, விட்டுவிட்டார்.

"அப்போ அந்தக் கதவு..." என்றாள் டெல்ஃபின்.

"என் வாழ்நாள்ல அப்படி ஒரு கதவை நான் மாட்டினதில்ல" என்றார் ஃபெரி. "ஒரு குறையும் இல்ல."