அக்காவின் நேர்காணலும் அத்தானின் அப்டேட்டும்

என் அக்கா கணவருக்கு முடியாது என்று சொல்லவே வராது. ஊரில் எவன் கேட்டாலும் தலையாட்டுவார். கணினி கேட்டாலும் அப்படித்தான். திரையில் என்ன கேள்வி வந்தாலும் சரி என்று தட்டிவிட்டுத்தான் படிப்பார்.

அக்கா கட்டட வரைபடம் வரைகிறவள். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு, பல வருடம் கழித்து அவளுக்கு வந்த முதல் நேர்காணல் அன்று காலை. வீட்டிலிருந்தே இணையம் வழியாக, வரைபடங்களைத் தன் கணினியில் திறந்து காட்டிப் பேச வேண்டும், போன் உதவாது. குரல் இன்னும் தெளிவாகக் கேட்கட்டுமே என்று அத்தான், இணையத்தில் எந்த மகராசனோ சொன்னதை நம்பி, அவளுடைய லினக்ஸ் கணினியில் வெளிக் களஞ்சியம் ஒன்றைச் சேர்த்து அப்டேட் கொடுத்திருக்கிறார். களஞ்சியம் என்றால் மென்பொருள் வந்து இறங்கும் கிடங்கு. அப்டேட் பாதியில் நின்றது. சத்தம் அடியோடு போய்விட்டது.

“கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. உங்க அக்கா குளிக்கிறா, இன்னும் தெரியாது,” என்றார் போனில். கணினி சர்வர்களோடு மாரடிப்பதுதான் என் பிழைப்பு. அடுத்த தெருவிலிருந்து செருப்பு மாறியது கூடத் தெரியாமல் ஓடினேன்.

“நான் ஒண்ணும் பண்ணல. அது கேட்டுச்சு, சரின்னேன்.”

“உங்க தலையைக் கேட்டாலும் சரின்னு சொல்லுவீங்களா அத்தான்?”

ஒலிக்கான மென்பொருள் தொகுப்புகள் லினக்ஸின் சொந்தக் கிடங்கு, அத்தான் சேர்த்த கிடங்கு இரண்டிலும் இருந்தன. வெளியிலிருந்து வந்தவை புதிய பதிப்பு என்பதால் பழையவற்றைத் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டன. பழையவற்றை நம்பியிருந்த மற்றவையெல்லாம் முரண்டு பிடித்தன. ஒரே கதவுக்கு இரண்டு பேர் பூட்டு மாட்டிய கதை. வெளிக் களஞ்சியத்தை நிறுத்திவிட்டு, முரண்பாட்டைத் தீர்க்கும் கருவியை ஓடவிட்டேன். அது ஒரு வழி சொல்லும். மறுத்தால் இன்னொன்றைத் தேடும்.

முதல் வழியைத் திரையில் காட்டியது. டெஸ்க்டாப் திரையையும் வரைபட மென்பொருளையும் மொத்தமாக நீக்கிவிடலாமாம். அத்தானின் விரல் பழக்கதோஷத்தில் விசைப்பலகைக்குப் போனது. அந்த விரலைத் தட்டி விலக்கினேன்.

“முதல்ல சொல்றதுதானே நல்ல வழியா இருக்கும்?”

“அதுக்குச் சுலபமான வழி. நமக்கு இல்ல.”

மறுத்தேன். இரண்டாவது, எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடச் சொன்னது. அதையும் மறுத்தேன். “கோவிச்சுக்காதா?” என்றார் அத்தான். கணினியைத்தான் கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பும் வந்துவிட்டது. மூன்றாவது வழியில் அந்த ஒலித் தொகுப்புகளை மட்டும் பழைய பதிப்புக்கு இறக்கச் சொன்னது. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு ஒப்புக்கொண்டேன்.

மறுபடி இயக்கியதும் ஒலிபெருக்கியில் டிங் என்றது. போன உயிர் திரும்பி வந்தது.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அக்கா, “நீ எப்ப வந்த?” என்றாள்.

“சும்மாதான், வாழ்த்துச் சொல்ல.”

அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசப் பேச, நானும் அத்தானும் சமையலறையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தடவை கூட அவள், “கேக்குதா?” என்று கேட்கவில்லை. நடுவில் சிரித்தாள்.

வெளியே வந்து, “அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க,” என்றாள்.

அத்தான் சுவரோடு சாய்ந்து, சரிந்து, தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். “நான்... காலையில நான்...” என்று ஆரம்பித்தவரின் காலை அழுத்தி மிதித்தேன்.

“என்னடி ஆச்சு இவருக்கு?”

“சந்தோஷம்க்கா. வேற ஒண்ணுமில்ல,” என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.