மிச்ச நீலம்

ஊரார் வீட்டுச் சுவருக்கெல்லாம் வண்ணம் அடிப்பவன் அந்தப் பெயிண்டர். ஆனால் ஒரு பூவைக்கூட வரைந்து பழக்கமில்லை. அவன் மனைவி கடல் தாண்டி ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். இரண்டு வருடம் முடியும் தறுவாயில், இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று போனில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவனும் சரி என்றான். பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடச் சுவருக்கு அடித்தது போக ஒரு டப்பாவில் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. பழைய காலண்டர் அட்டையின் வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி, ஜன்னல் ஓரம் அடிக்கும் சின்ன பிரஷ்ஷை எடுத்து, சமையலறை மேஜையில் இருந்ததை இருந்தபடியே வரைய உட்கார்ந்தான். கெட்டில், பாதி வெங்காயம், கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய கப். தண்ணீர் கூடினால் நீலம் வெளுத்தது, குறைந்தால் இருண்டது. வெளிச்சம் விழும் இடத்தை அட்டையின் வெள்ளையாகவே விட்டுவிட வேண்டும் என்று பிடிபடுவதற்குள் மூன்று அட்டை பாழ். வெங்காயம் மட்டும் கடைசிவரை பாறாங்கல்லாகவே இருந்தது.

படத்தைப் போனில் அனுப்பினான். உடனே கூப்பிட்டாள். வெங்காயத்தைச் சொல்லிச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"என் கப்ப ஏன் கவுத்து வச்சிருக்கீங்க?"

"தூசி படும்ல."

"ரெண்டு வருஷமாவா?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அன்னைக்குச் சரின்னு சொன்னேன்ல, மனசாரச் சொல்லல. நீ இல்லாம இது வீடாவே இல்ல."

"எனக்கு மட்டும் இங்க என்ன இருக்கு?" என்றாள்.

மறுநாளே அவள் முதலாளியம்மாவிடம் விடுப்புக் கேட்டாள். இப்போது போனால் குழந்தை ஏங்கிவிடும், கோடையில் ஒரு மாதம் போய்வா என்று பதில் வந்தது. கோடைக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. அதுவரை ஞாயிறுதோறும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து அவன் வரைவான். அந்த மூலை இருண்டு கிடக்கிறது, கொஞ்சம் தண்ணீர் சேருங்கள் என்று அவள் அங்கிருந்தே அதிகாரம் பண்ணுவாள். நடுவில் குழந்தை விழித்து அழும். "இருங்க, வந்துர்றேன்" என்று ஓடுவாள். சில நாள் திரும்பி வருவாள், சில நாள் வரமாட்டாள். பிரஷ் காய்ந்துவிடக் கூடாதே என்று அவன் வரைந்துகொண்டே இருப்பான்.